எரிவாயு ஓவன் பற்ற மறுக்கும்போது

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. எத்தொழிலுக்கும் இது பொருந்தும் என்றாலும், எரிவாயுவைக் கையாளுவோருக்கு இது உயிர் காக்கும் விதி என்றே கூறவேண்டும்.

தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் ரப்பர் மர விறகே அடுப்பெரித்தது. பின்னர் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. அதன்பின் வந்ததே சமையல் எரிவாயு. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும், நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் இயற்கை வாயுவைப் பதப்படுத்தும்போதும் இது கிடைக்கிறது. நம் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்ட்டிக்சனில் ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 1963-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. திரெங்கானு மாநிலத்துக் கெர்த்தேயில் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் முதல் வாயுப் பதப்படுத்தும் ஆலை 1984-ஆம் ஆண்டில் செயற்படலாயிற்று.

இன்று தோட்ட மக்கள் பலர் வீட்டு அடுப்பை மட்டுமன்றிப் பெரிய சமையற்கூடங்களின் சாதனங்களையும் இயக்கி வருகின்றனர். உணவுக்கூடம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, ரொட்டிக் கடை, போர்ட்டிக்சன் கடற்கரையோரத் தங்கும் விடுதி ஆகியவற்றில் நம் பிள்ளைகள் வேலை பார்க்கின்றனர். அங்கே ரொட்டியும் இறைச்சியும் சுடுவதற்குப் பயன்படும் பெரிய எரிவாயு ஓவன் சில வேளைகளில் பற்ற மறுக்கும். அவ்வேளையில் முதலில் செய்ய வேண்டியது யாது, செய்யத் தகாதது யாது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

திறந்த அடுப்பும் மூடிய ஓவனும்

திறந்த அடுப்பு பற்றாவிட்டால் வெளியான வாயுவில் ஒரு பகுதி காற்றில் கலைந்துவிடக்கூடும். ஓவனோ கதவுடன் கூடிய ஓர் இரும்புப் பெட்டி. அதனுள் வெளியாகும் வாயு எளிதில் வெளியேறுவதில்லை.

சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவையாகும். புரோப்பேன் காற்றைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை. ஆகவே கசிந்த வாயு புகையைப்போல் மேலே எழாமல், நீரைப்போல் தாழ்ந்த இடத்தை நாடித் தரையிலும் வடிகாலிலும் தேங்குகிறது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு முதல் 10 பங்கு வரை இவ்வாயு கலந்திருந்தால் அக்கலவை தீப்பிடித்து வெடிக்கும் தன்மையைப் பெறுகிறது. தோம்பில் திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிந்துவிடும். சிறு கசிவும் பெருங்கேடு விளைவிக்கும் காரணம் இதுவே.

பற்றாத ஓவனின் குமிழை ஒருவர் திரும்பத் திரும்பத் திருகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு திருகலிலும் எரியாத வாயு உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ பொறி பிறக்கும்போது, பற்றிக்கொள்வது அதுவரை சேர்ந்த வாயு முழுவதுமாகும். கதவைத் திறந்து குனிந்து பார்ப்பவரின் முகமும் கைகளும் கருகிப்போவது இவ்வாறுதான்.

வாயு கசிந்து தேங்கியிருந்த இடத்தில் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சான்றாகக் கூறலாம். 1968-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் அதிகாலையில், இலண்டன் மாநகரின் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் தயாரிக்க அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பை வாயுக்குழாயோடு இணைத்த பித்தளைத் திருகுமரை தரங்குறைந்ததாக இருந்தமையால், வாயு கசிந்து அறையில் நிறைந்திருந்தது. வெடிப்பில் சுவர்கள் பெயர்ந்தன, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது, நால்வர் மாண்டனர். கட்டடத்தின் அமைப்பும் வலுவற்றதாக இருந்தது என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. ஆயினும் அனைத்திற்கும் தொடக்கமாக அமைந்தது ஒரு சிறு திருகுமரை.

ஐந்து நிமிட விதி

ஓவன் பற்றவில்லையெனில் குமிழை உடனே மூடுக. ஓவன் கதவை அகலத் திறந்து வைக்க. சமையலறையின் கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிடுக. குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருக்க. வாயு வாசனை சிறிதும் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே மீண்டும் முயல்க. வாசனை நீடிக்குமாயின் மீண்டும் பற்றவைக்க முயலுதல் ஆகாது. இரண்டாம் முயற்சியும் தவறினால் மூன்றாவது முறை திருகுவதை விடுத்துக் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

பால்மரம் சீவுவோர் இம்முறையை நன்கு அறிவர். மங்கில் பால் விழவில்லை என்றால் யாரும் மரத்தை மேலும் மேலும் வெட்டிக்கொண்டிருப்பதில்லை. வெட்டுக்கோட்டில் ஒட்டுப்பால் அடைத்துள்ளதா, தகரம் விலகியுள்ளதா, மங்கு சாய்ந்துள்ளதா என வரிசையாகப் பார்க்கிறோம். ஓவனையும் அவ்வாறே வரிசையாகப் பார்க்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும். வாயு வருகிறதா? பொறி பிறக்கிறதா? பற்றிய சுடர் நிலைக்கிறதா? சுடரின் நிறம் சரியாக உள்ளதா?

முதற் கேள்வி: வாயு வருகிறதா?

தோம்பின் வால்வு திறந்துள்ளதா, ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தியுள்ளதா, ரப்பர்க் குழாய் மடிந்தோ நசுங்கியோ கிடக்கிறதா என்பனவற்றை முதலில் பார்க்க. தோம்பில் வாயு தீர்ந்ததா என்பதை அறிய அதை ஆட்டிப் பார்ப்பது முறையன்று. வெற்றுத் தோம்பின் எடை தோம்பின்மேல் குறிக்கப்பட்டிருக்கும். நிறுத்துப் பார்த்து அதனைக் கழித்தால் மிச்சமுள்ள வாயுவின் எடை தெரிந்துவிடும். புதுத் தோம்பு மாட்டிய உடனே ஓவன் பற்றத் தாமதித்தால், குழாயில் புகுந்த காற்று வெளியேறுவதற்குச் சிறிது நேரமாகிறது என்று கொள்ளலாம். அப்போதும் ஐந்து நிமிட விதியை மீறலாகாது.

நெடுநேரம் பல அடுப்புகள் ஒருங்கே எரியும்போது தோம்பின் வெளிப்புறம் குளிர்ந்து நீர்த்துளிகள் படிவதைக் காணலாம். திரவம் வாயுவாக மாறுவதற்கு வெப்பம் தேவை. அதனைத் தோம்பு தன் உடலிலிருந்தும் சுற்றுக்காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. எடுக்கும் அளவு மிகுந்தால் தோம்பு குளிர்ந்து அழுத்தம் குறைகிறது, சுடரும் சிறுத்துப்போகிறது. கோயில் திருவிழாவிலும் திருமண விருந்திலும் இது நேர்வதுண்டு. இதற்காகத் தோம்பின்மேல் வெந்நீர் ஊற்றுவதும், அதனை அடுப்பருகே நகர்த்துவதும் பேராபத்தாகும். போதிய எண்ணிக்கையில் தோம்புகளை முறைப்படி இணைத்துத் தருமாறு விநியோகிப்பாளரைக் கேட்பதே சரியான வழி.

ரெகுலேட்டரைப் பற்றியும் ஒரு சொல். இவ்வகை ஓவன்களில் பல, ஏறத்தாழ 30 மில்லிபார் என்னும் குறைந்த அழுத்தத்தில் இயங்குவன. அது ஓர் அடி உயரமுள்ள நீர் தரும் அழுத்தத்திற்கு ஒப்பானது. பெரிய வாணலி அடுப்புக்குரிய உயரழுத்த ரெகுலேட்டரை அவசரத்திற்கு ஓவனில் மாட்டினால், சுடர் பர்னரைவிட்டு எழும்பிப் பறக்கும். இணைப்புகளும் கசியத் தொடங்கும். ஓவனில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் எந்த வாயு, எவ்வளவு அழுத்தம் என்று எழுதப்பட்டிருக்கும். அதற்கு மாறாகச் செய்தல் கூடாது. பழைய ஓவனை விலைக்கு வாங்குவோரும் அத்தகட்டைப் படித்தறிய வேண்டும். குழாய்வழி வரும் இயற்கை வாயுவுக்காகச் செய்யப்பட்ட ஓவனின் ஜெட் துளை பெரியது. அதில் தோம்பு வாயுவைச் செலுத்தினால் அளவுக்கு மீறி வாயு பாயும்.

ஜெட் என்பது வாயு பர்னருக்குள் பாயும் பித்தளைத் துளைமுனை. அதன் துளை ஊசிக்கண்ணைப்போல் மிகச் சிறியது. எண்ணெய்ப் பிசுக்கோ, பூச்சியின் கூடோ, சிலந்தி வலையோ அதனை அடைத்துவிடும். பள்ளி விடுமுறையில் சில வாரங்கள் மூடிக்கிடந்த சிற்றுண்டிச்சாலை ஓவன் முதல் நாளில் பற்றாததற்கு இது காரணமாக இருக்கலாம். ஜெட்டைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தித் துப்புரவு செய்தால் துளை அகன்றுவிடும். அகன்ற துளை மீண்டும் சிறுக்காது. ஆகவே ஜெட்டைக் கழற்றித் துப்புரவு செய்வதையும் மாற்றுவதையும் தேர்ந்த தொழில்நுட்பரிடமே விடவேண்டும்.

இரண்டாம் கேள்வி: பொறி பிறக்கிறதா?

குமிழை அழுத்தும்போது 'டிக்' என்னும் ஒலி கேட்கும் ஓவன்களில் பெரும்பாலும் பீசோ என்னும் முறை அமைந்திருக்கும். சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். ஓவனில் ஒரு சிறு சுத்தியல் படிகத்தை அடிக்கிறது. அதனால் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் எழுந்து, கம்பியின் நுனியிலிருந்து பர்னருக்குப் பொறியாகத் தாவுகிறது. மின்கலத்தாலோ வீட்டு மின்சாரத்தாலோ பொறி எழுப்பும் ஓவன்களும் உண்டு.

பொறியைச் சோதிக்கும்போது தோம்பின் வால்வை மூடி, உள்ளே வாயு இல்லை என்பதை உறுதிசெய்க. ஒலி கேட்டும் நுனியில் பொறி இல்லையாயின் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நுனியில் மாவும் எண்ணெயும் கரியும் படிந்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஓவனைக் கழுவிய பின் ஈரம் தங்கியிருந்தாலும் பொறி எழாது, நன்றாக உலரவிடுக. இரண்டாவது, நுனிக்கும் பர்னருக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளியே இருக்க வேண்டும். தட்டு இடித்து நுனி வளைந்திருந்தால் பொறி தாவாது. மூன்றாவது, கம்பியைச் சூழ்ந்த வெள்ளைப் பீங்கான் வெடித்திருந்தால், பொறி நுனிக்கு வராமல் வழியிலேயே இரும்பில் பாய்ந்துவிடும். வெடித்த பீங்கானைப் பசையிட்டு ஒட்டுவதால் பயனில்லை. புதியதையே பொருத்த வேண்டும்.

மூன்றாம் கேள்வி: சுடர் நிலைக்கிறதா?

பைலட் என்னும் சிறுசுடர் பற்றுகிறது, குமிழைவிட்டதும் அணைந்துவிடுகிறது. சமையற்கூடங்களில் அடிக்கடி எழும் குறை இது. இதனைப் புரிந்துகொள்ளத் தெர்மோகப்பிள் என்னும் சிறு கருவியை அறிதல் வேண்டும்.

இருவேறு உலோகங்களை முனையில் இணைத்து அம்முனையைச் சூடாக்கினால் மின்விளைவு தோன்றும் என்பதை 1821-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் சீபெக் கண்டறிந்தார். தெர்மோகப்பிள் அத்தத்துவத்தில் இயங்குகிறது. சிறுசுடரில் மூழ்கியுள்ள அதன் முனை 20 முதல் 30 மில்லிவோல்ட் வரை தருகிறது. அது ஒரு கைவிளக்கு மின்கலத்தின் அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கே. அச்சிறு மின்சாரம் ஒரு காந்தத்தைப் பிடித்து வைத்து வால்வைத் திறந்தே வைத்திருக்கிறது. காற்றடித்துச் சுடர் அணைந்தால் முனை குளிர்கிறது, காந்தம் விடுகிறது, வால்வு தானே மூடிக்கொள்கிறது. யாரும் பார்க்காத நேரத்திலும் விழித்திருக்கும் காவலாளி அது.

சுடர் நிலைக்காவிட்டால் பின்வரும் வரிசையில் பார்க்க:

1. குமிழைப் போதிய நேரம் அழுத்திப் பிடித்தீர்களா? முனை சூடேற 20 முதல் 30 விநாடி தேவைப்படலாம்.

2. சிறுசுடர் தெர்மோகப்பிளின் முனையைச் சூழ்ந்து எரிகிறதா? சுடர் சிறுத்தோ ஒதுங்கியோ இருந்தால் முனை சூடேறாது.

3. முனையில் கரி படிந்துள்ளதா? ஓவன் ஆறிய பின் மெல்லத் துடைத்தெடுக்கலாம்.

4. இவை யாவும் சரியாக இருந்தும் அணைந்தால், மறுமுனைத் திருகு தளர்ந்திருக்கலாம், தெர்மோகப்பிள் பழுதாகியிருக்கலாம், அல்லது காந்த வால்வு கெட்டிருக்கலாம். இதற்குமேல் தொழில்நுட்பரின் வேலை.

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூறவேண்டியுள்ளது. குமிழை அழுத்திப் பிடிக்கச் சலிப்புற்று, அதனைக் கம்பியால் கட்டுவதும், குச்சியைச் செருகி நிறுத்துவதும், காவல் வால்வையே கழற்றி எறிவதும் சில சமையற்கூடங்களில் நடப்பதுண்டு. அவ்வாறு செய்தால் அன்றைய வேலை நடக்கும். ஆனால் சுடர் அணையும் நாளில் வாயுவை நிறுத்த எதுவும் இராது. மேலாளரோ முதலாளியோ அவ்வாறு செய்யச் சொன்னாலும், தொழிலாளி அதனைச் செய்தல் தகாது. பழுதான தெர்மோகப்பிளை மாற்றும் செலவையும் ஒரு மனிதரின் கண்ணையும் எந்தத் தராசிலும் ஒருசேர நிறுத்துப் பார்க்க இயலாது.

நான்காம் கேள்வி: சுடரின் நிறம் யாது?

ஓவன் பற்றிவிட்டதனால் வேலை முடிந்துவிடவில்லை. நல்ல சுடர் நீல நிறமாக, அமைதியாக எரியும். எரியுமுன்னரே வாயுவுடன் காற்றைக் கலந்துவிடும் பர்னரை ஜெர்மானிய அறிஞர் பன்சன் 1855-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். இன்றைய அடுப்புகளின் பர்னரும் அவ்வழி வந்ததே. ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்றும், ஒரு பங்கு பியூட்டேன் எரிய ஏறத்தாழ 31 பங்கு காற்றும் வேண்டும்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகையூட்டும் புகைக்கூண்டை அறிந்தோர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. காற்றுவழியை அடைத்தால் விறகு எரியாது, புகையும். ஓவனில் காற்றுக் குறைந்தால் சுடர் மஞ்சளாகி நீளும். பாத்திரத்தில் கரி படியும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே அடுப்புகளை அணைத்து அனைவரும் வெளியேற வேண்டும்.

காற்றுக் குறைவதற்குப் பெரும்பாலும் நாமே காரணமாகிறோம். எண்ணெய் சிந்தாதிருக்க ஓவனின் அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிப்பது சிலர் வழக்கம். அது காற்றுத் துளைகளை அடைத்துவிடும். பின்புறத்துப் புகைபோக்கியின்மேல் தட்டுகளை அடுக்கி வைப்பதும் அவ்வாறே. மாறாக, சுடர் பர்னரைவிட்டு எழும்பி இரைச்சலிட்டால் காற்றோ அழுத்தமோ மிகுந்துள்ளது என்பது பொருள். பர்னருக்குள்ளேயே 'பொக்' என்னும் ஒலியுடன் பின்னோக்கி எரிந்தால், உடனே மூடி ஆறவிட்டுத் தொழில்நுட்பருக்குத் தெரிவிக்க.

வாயு வாசனை வந்தால்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை நாம் உணர்வதற்காகவே மெர்க்காப்டன் என்னும் நாற்றப் பொருள் அதில் சேர்க்கப்படுகிறது. நெடுநேரம் அதனை முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் வாசனை தெரியாமல் போகலாம். ஆகையால் வாசனை குறைந்தது என்று எண்ணி ஏமாறலாகாது.

வாசனை தெரிந்தவுடன் நெருப்பனைத்தையும் அணைக்க. தோம்பின் வால்வை மூடுக. கதவு சன்னல்களைத் திறக்க. மின்விளக்கு, மின்விசிறி ஆகியவற்றின் பொத்தான்களைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். அனைவரையும் வெளியேற்றிய பின், தொலைவில் நின்று 999 என்னும் எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படைக்குத் தெரிவிக்க.

கசிவு எங்கே என்று தேடத் தீக்குச்சி கொளுத்துவது தற்கொலைக்கு ஒப்பாகும். அடுப்புகள் அணைந்து, வாசனையில்லாத நிலையில், இணைப்புகளின்மேல் சோப்பு நீரைப் பூசிப் பார்த்தால் போதும். குமிழிகள் எழும் இடமே கசியும் இடம். தோம்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்வது நலம்.

பயிற்சி

கீழ்க்காணும் மூன்று நிலைகளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று விடையை மூடி வைத்துச் சிந்தித்துப் பார்க்க.

முதல் நிலை: காலை ஐந்து மணி. ஓவன் மூன்று முறை திருகியும் பற்றவில்லை. உடன் வேலை செய்பவர் தீக்குச்சியோடு வருகிறார்.
விடை: அவரைத் தடுத்து நிறுத்துக. குமிழை மூடிக் கதவைத் திறந்து ஐந்து நிமிடம் காத்திருக்க. வாசனை அகன்ற பின், பொறியும் வாயுவும் வருகின்றனவா என்று வரிசையாகப் பார்க்க.

இரண்டாம் நிலை: சிறுசுடர் பற்றுகிறது, பத்து விநாடியில் குமிழைவிட்டதும் அணைகிறது.
விடை: ஐந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் பற்றவைத்து, முப்பது விநாடி அழுத்திப் பிடிக்க. அப்போதும் அணைந்தால் சுடர் முனையைச் சூழ்கிறதா, கரி படிந்துள்ளதா என்று பார்க்க. குமிழைக் கட்டிவைக்கலாகாது.

மூன்றாம் நிலை: ஓவன் பற்றுகிறது, சுடர் மஞ்சளாக உள்ளது, இருவர் தலைவலி என்கின்றனர்.
விடை: உடனே அணைத்து, அனைவரையும் வெளியே அழைத்துச் சென்று, மருத்துவ உதவியை நாடுக. தொழில்நுட்பர் வந்து பார்க்கும்வரை அந்த ஓவனைப் பயன்படுத்தலாகாது.

இப்பாடத்தை ஒருவர் மட்டும் அறிந்திருத்தல் போதாது. சமையற்கூடத்தில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு முதல் நாளிலேயே இதனைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட விதியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஓவனருகே ஒட்டிவைத்தல் நன்று. காலை உணவு ஐந்து நிமிடம் தாமதமானால் பசியோடு இருப்போர் முணுமுணுப்பர். உணவு வந்ததும் அதனை மறந்துவிடுவர். தீக்காயம் பட்டவரும் அவர்தம் குடும்பத்தினரும் அந்தக் காலையை ஆயுள் முழுதும் மறக்க மாட்டார்கள்.